ஏழு டொலர் கதையை யாருக்காகச் சொல்கிறோம்?



போன மாதம் ஸ்காபரோவில ஒரு பிறந்தநாள் வீடு. சாப்பாடு முடிஞ்சு தேத்தண்ணியோட கதை போய்க்கொண்டிருந்தது. மருமகன் முறையான ஒரு பெடியன், இருபத்திநாலு வயசு, பகல்ல கொலிஜ், இரவில காரில சாப்பாடு கொண்டுபோய்க் குடுக்கிற வேலை. "மாமா, பெற்றோலுக்கும் இன்சூரன்சுக்கும் போக மிஞ்சிறது ஒண்டுமில்லை. கார் பழுதாப்போனா அதுவும் என்ர தலையிலதான்" எண்டு சொன்னான். பக்கத்தில இருந்த பெரியவர் ஒருத்தர், சொந்தமா பிஸ்னஸ் வைச்சிருக்கிறவர், போனை எடுத்து ஒரு வீடியோ போட்டுக் காட்டினார். டுவெய்ன் ஜோன்சன், அதுதான் 'த றொக்', தன்ர ஏழு டொலர் கதையைச் சொல்லுறார்.

"பார் தம்பி. ஏழு டொலரோட துவங்கினவன் இண்டைக்கு ஹொலிவூட்டின்ர உச்சியில நிக்கிறான். அவன் சங்கம் கேட்டவனோ? குறை சொன்னவனோ? உழைச்சவன். நாங்களும் அப்பிடித்தானே வந்தனாங்கள்."

பெடியன் ஒண்டும் சொல்லேல்லை. நானும் வாயைத் திறக்கேல்லை. பிறந்தநாள் வீட்டில ஏன் சண்டை எண்டு இருந்திட்டன். அண்டைக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இந்த மடலில் எழுதுகிறேன்.

பெரியவரின் கேள்விக்கு நேரடியான பதில் ஒன்று உண்டு. ஓம், த றொக்குக்குச் சங்கம் இருக்கிறது. ரெஸ்லிங் ரிங்குக்குள் இல்லை, சினிமாவுக்குள் இருக்கிறது. அவர் பணக்காரரான கதையை ஒழுங்காகச் சொல்வதென்றால், சங்கம் இல்லாத தொழிலிலிருந்து சங்கம் உள்ள தொழிலுக்குப் போன ஒருவரின் கதை என்றுதான் சொல்ல வேண்டும்.

ஏழு டொலர் எங்கிருந்து வந்தது?

கதை பொய்யில்லை. 1995இல் ஜோன்சன் எங்கட கனடாவிலதான் இருந்தார். கல்கரி ஸ்ரம்பீடர்ஸ் கால்பந்து அணி அவரை வெளியே விட்டது. பெற்றோரின் வீட்டுக்குத் திரும்பும்போது சட்டைப்பையில் ஏழு டொலர். பிறகு தொடங்கிய படத் தயாரிப்பு நிறுவனத்துக்கும் 'செவன் பக்ஸ்' என்றே பெயர் வைத்தார். 2002இல் 'த ஸ்கோர்ப்பியன் கிங்' படத்துக்கு 55 இலட்சம் டொலர் சம்பளம். போர்ப்ஸ் பத்திரிகையின் பட்டியலில் 2016, 2019, 2020 ஆண்டுகளில் உலகிலேயே கூடச் சம்பளம் வாங்கிய நடிகர். எல்லாம் உண்மை.

ஆனால் இந்தக் கதையைச் சொல்கிற யாரும் ஒரு சின்னக் கேள்வியைக் கேட்பதில்லை. அந்த வீட்டில் ஏன் காசில்லை?

அவர் ஏதோ தெரியாத குடும்பத்திலிருந்து வந்தவர் இல்லை. அப்பா ரொக்கி ஜோன்சன், நோவா ஸ்கோஷியாவில் பிறந்த கறுப்பினக் கனடியர், அரங்குகளை நிறைத்த ரெஸ்லர், 1983இல் இரட்டையர் சாம்பியன். தாயின் தகப்பனார் பீற்றர் மைவியா சமோவாவில் பிறந்த ரெஸ்லர். 1967இல் வந்த ஜேம்ஸ் பொன்ட் படமான 'யூ ஒன்லி லிவ் ருவைஸ்'இல் ஷோன் கொனரியோடு அறைக்குள் சண்டை பிடிக்கிற அந்த மலைபோன்ற மனிதர் அவர்தான். 45 வயதில் இறந்துபோனார். ஆக, இரண்டு தலைமுறை உடம்பை அடித்து நொறுக்கி உழைத்த குடும்பம். அந்தக் குடும்பத்தை, ஜோன்சனுக்கு 14 வயதாக இருக்கும்போது, வாடகை கட்டவில்லை என்று ஹவாயில் ஒரு சின்ன அப்பாட்மென்ரிலிருந்து வெளியேற்றினார்கள். இதை அவரே பலமுறை பகிரங்கமாகச் சொல்லியிருக்கிறார்.

சாம்பியனின் வீட்டில் வாடகைக்குக் காசில்லை. அவர் சோம்பேறியா? ஊதாரியா? அந்தத் தொழிலில் ஓய்வூதியம் இல்லை, நோய்க் காப்புறுதி இல்லை, வேலை இல்லாத வாரத்துக்குச் சம்பளம் இல்லை. ஏழு டொலரை ஒரு வீரனின் தொடக்கப்புள்ளி என்று கொண்டாடுகிறோம். அதற்கு முன்னால் இருந்த இரண்டு தலைமுறை உழைப்பின் கணக்கு எங்கே போய்ச் சேர்ந்தது என்று கேட்க மறந்துவிடுகிறோம்.

ஒரே விழுகை, இரண்டு சட்டம்

இனி விசயத்துக்கு வருவம். ஒரு ரெஸ்லர் சினிமாப் படப்பிடிப்பில் மேசைமேல் விழுகிறார் என்று வையுங்கோ. அமெரிக்காவின் பெரிய படப்பிடிப்புகளில் அவர் திரைநடிகர் சங்கத்தின் ஒப்பந்தத்தின் கீழ் வேலை செய்கிறார். குறைந்தபட்சச் சம்பளம், மேலதிக நேரத்துக்குக் காசு, ஓய்வூதிய நிதிக்கும் மருத்துவ நிதிக்கும் முதலாளி கட்டவேண்டிய பங்கு, படம் திரும்பத் திரும்ப ஓடினால் அதற்கொரு தொகை. எல்லாம் எழுத்தில் இருக்கிறது.

அதே ஆள், அடுத்த திங்கட்கிழமை, அதே மாதிரி மேசைமேல், தொலைக்காட்சிக் கமராவுக்கு முன்னால் ரிங்குக்குள் விழுகிறார். இப்போது அவர் 'சுயாதீன ஒப்பந்தக்காரர்'. தொழிலாளி இல்லையாம், தனக்குத்தானே முதலாளியாம். ஆனால் வேறு கொம்பனியில் விளையாட ஏலாது. எந்த ஊரில், எந்த இரவில், யாரிடம் தோற்கவேண்டும் என்பதைக் கொம்பனி தீர்மானிக்கும். பெயர்கூடப் பெரும்பாலும் கொம்பனியின் சொத்து. வாடகைக் காரும் ஹோட்டலும் பொதுவாக அவரின் செலவு. ரிங்கில் நடந்த காயத்துக்குச் சத்திரசிகிச்சைச் செலவைக் கொம்பனி கட்டும், அதை மறைக்கத் தேவையில்லை. மற்ற நோய் வந்தால் காப்புறுதி அவரவர் பாடு.

"அது விளையாட்டு, இது நடிப்பு, ரெண்டும் வேற" என்று யாரும் சொல்லலாம். அப்படிச் சொல்வதற்குக் கொம்பனிக்கே வாயில்லை. 1989இல் நியூ ஜேர்சி மாநில சட்டசபையில், ரெஸ்லிங் உண்மையான போட்டியல்ல, பார்வையாளரை மகிழ்விக்கும் நிகழ்ச்சி என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். ஏன்? விளையாட்டு என்றால் அரசின் கண்காணிப்பும் வரியும் வரும். கண்காணிப்பு என்று வந்தால் 'இது நடிப்பு'. நடிகருக்குள்ள உரிமையைக் கேட்டால் 'நீ நடிகனில்லை, ஒப்பந்தக்காரன்'. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பார்கள். இங்கே இரண்டு காலும் முதலாளிக்கு வசதியான கரையில்தான் நிற்கிறது.

சினிமாவைப் பார்த்துவிட்டுச் சங்கம் கேட்டவர்

இதை முதலில் பிடிபட்டவர்களில் ஒருவர் ஜெஸி வென்சுரா. 1987இல் வந்த 'ப்ரெடேட்டர்' படத்தில் ஆர்னோல்ட் ஸ்வாஸ்நேகரோடு பெரிய துப்பாக்கி தூக்கிக்கொண்டு நடப்பாரே, அவர்தான். பின்னாளில் மினசோட்டாவின் ஆளுநராகவும் ஆனார். நடிகர் சங்கத்தில் சேர்ந்ததும், ஒரு நடிகருக்கு என்னென்ன கிடைக்கிறது, ஒரு ரெஸ்லருக்கு என்ன கிடைக்கவில்லை என்ற வித்தியாசம் அவருக்கு நேரடியாகத் தெரிந்தது.

1986, 'ரெஸ்ல்மேனியா 2' நடக்க இருந்த நேரம். உடைமாற்றும் அறையில் வென்சுரா எழுந்து சொன்னார்: இப்போது நாங்கள் எல்லாரும் சேர்ந்து நின்றால், சங்கம் அமைக்கலாம். இந்த நிகழ்ச்சிக்கு விளம்பரம் எல்லாம் போய்விட்டது, நாங்கள் ரிங்கில் ஏறாவிட்டால் அவர்களால் ஒன்றும் செய்ய ஏலாது. வேலைநிறுத்தத்தின் அரிச்சுவடியே அதுதான், முதலாளிக்கு அவசரமான நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது.

ஆனால் விசயம் உடனேயே முதலாளி வின்ஸ் மக்மானின் காதுக்குப் போனது. தொலைபேசியில் மிரட்டல் வந்தது. சங்கம் அங்கேயே செத்தது. காட்டிக்கொடுத்தது யார்? சில ஆண்டுகள் கழித்து, வீடியோ விற்பனையில் தனக்குச் சேரவேண்டிய பங்குக்காக வென்சுரா கொம்பனிமேல் வழக்குப் போட்டார். அந்த வழக்கின் வாக்குமூலத்தில், சத்தியம் செய்து, சொன்னவர் ஹல்க் ஹோகன் என்று மக்மானே ஒப்புக்கொண்டார் என வென்சுரா பலமுறை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். வழக்கில் நடுவர் குழு வென்சுராவுக்கு 8 இலட்சம் டொலருக்கு மேல் கொடுத்தது.

ஹோகன் யார்? 1982இல் 'ரொக்கி 3' படத்தில் நடித்து உலகத்துக்குத் தெரிந்தவர். அந்தக் கொம்பனியிலேயே கூடக் காசு உழைத்தவர். 1990இல் எங்கட ஸ்கைடோமில் 67,000 பேருக்கு முன்னால் நின்றவர். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் பெடியள் ரெஸ்லிங் சீட்டுக்கட்டு வைத்து விளையாடின காலத்தில் அவரின் சீட்டுக் கிடைத்தால் பெருமை. 2024இல் குடியரசுக் கட்சி மாநாட்டு மேடையில் சட்டையைக் கிழித்து ட்ரம்புக்கு ஆதரவு சொன்னதையும் பார்த்தோம். தமிழில் இப்படிப்பட்ட ஆளுக்கு ஒரு நல்ல சொல் இருக்கிறது, கருங்காலி. அவர் 2025இல் இறந்துவிட்டார். செத்தவரைப் பற்றி ஏன் என்று கேட்பீர்கள். செத்த பிறகும் அவரின் வேலை உயிரோடு இருக்கிறது, அதனால்தான். நாற்பது வருசமாகியும் அங்கே சங்கம் இல்லை.

65 வயதைப் பார்க்காதவர்

ரொடி பைப்பர் எங்கட நாட்டு ஆள், சாஸ்கட்டூனில் பிறந்தவர். 1988இல் ஜோன் கார்பென்ரர் எடுத்த 'தே லிவ்' படத்தின் கதாநாயகன். வேலை தேடி நகரத்துக்கு வரும் ஒரு கட்டடத் தொழிலாளி, ஒரு கறுப்புக் கண்ணாடியைப் போட்டதும், ஆளுகிற கூட்டத்தின் உண்மை முகத்தையும் விளம்பரப் பலகைகளுக்குள் ஒளிந்திருக்கும் கட்டளைகளையும் காண்கிறான். எங்கட கூட்டங்களில் நாங்களே இரண்டு தரம் போட்டுப் பார்த்த படம்.

2003இல் எச்.பி.ஓ. தொலைக்காட்சி நேர்காணல் ஒன்றில் அந்த மனிதர் சொன்னதன் சாரம் இது: எனக்கு 49 வயது, ஓய்வூதியத்தை 65இல்தான் எடுக்கலாம், நான் 65 வரைக்கும் இருக்கமாட்டேன், அப்ப நான் என்ன செய்ய? அந்தப் பேட்டிக்குப் பிறகு ரெஸ்லிங் கொம்பனி அவரை வெளியே விட்டது. 2015இல் இறந்தார். வயது 61. தன் சாவைத் தானே சரியாகக் கணக்குப் போட்டுவிட்டார்.

"எல்லாம் நடிப்புத்தானே" என்று சிரிப்பவர்களுக்கும் ஒன்று. யார் வெல்வது என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கலாம். விழுகையை எழுதி மாற்ற ஏலாது. 1999 மே 23, கன்சாஸ் சிற்றியில், கூரையிலிருந்து கம்பியில் இறங்கும் ஒரு சினிமாத்தனமான வருகைக்காகத் தொங்கவிடப்பட்ட கல்கரிக்காரர் ஓவன் ஹார்ட் கீழே விழுந்து செத்தார். வயது 34. உடலை எடுத்துச் சென்ற பிறகு நிகழ்ச்சி தொடர்ந்து நடந்தது. படப்பிடிப்புகளிலும் ஆட்கள் சாகிறார்கள், சங்கம் ஒன்றும் மந்திரக்கோல் இல்லை. ஆனால் அங்கே 'இது பாதுகாப்பில்லை, நான் ஏறமாட்டன்' என்று சொல்கிற தொழிலாளிக்குப் பின்னால் ஒரு அமைப்பு நிற்கிறது. இங்கே அவருக்குப் பின்னால் அடுத்த ஒப்பந்தக்காரர் நிற்கிறார்.

பழைய கதை என்று நினைக்கவேண்டாம். 2008இல் மூன்று முன்னாள் ரெஸ்லர்கள், எங்களைத் தவறாக ஒப்பந்தக்காரர் என்று வகைப்படுத்தினார்கள் என வழக்குப் போட்டார்கள். முழு விசாரணைக்கே போகாமல் அடுத்த வருசம் தள்ளுபடியானது. 2020இல், கொரோனா நேரம், இணையத்தில் சொந்தமாக நடத்தும் காணொளிக் கணக்குகளுக்குக் கொம்பனி தடைபோட்டது. பாருங்கோ, தனக்குத்தானே முதலாளியானவருக்குத் தன் சொந்தக் கணக்கை வைத்திருக்க அனுமதியில்லை. 'ஃபைட்டிங் வித் மை ஃபமிலி' படத்திலும் நடித்த செலினா வேகா, அந்த வருசம் நவம்பர் 13 அன்று, சங்கம் அமைப்பதை ஆதரிக்கிறேன் என்று ட்விட்டரில் ஒரு வரி எழுதினார். அதே நாளில், நிமிடக் கணக்கில், அவரை விடுவித்ததாகக் கொம்பனியின் அறிவிப்பு வந்தது.

இப்ப த றொக் எங்க நிக்கிறார்?

2023 யூலையில் நடிகர் சங்கம் வேலைநிறுத்தம் செய்தது. 118 நாள் நீடித்தது. ஸ்ட்ரீமிங் கொம்பனிகள் கொடுக்கும் அற்பத் தொகையும் செயற்கை நுண்ணறிவும்தான் முக்கியமான சண்டை. அப்போது கஷ்டப்படும் நடிகர்களுக்கு உதவும் நிதிக்கு ஜோன்சன் பத்து இலட்சம் டொலருக்குக் குறையாத பெரிய நன்கொடை கொடுத்தார். நல்ல காரியம். கைதட்டினோம்.

ஆறு மாதம் கழித்து, 2024 சனவரி 23. ரெஸ்லிங் கொம்பனியின் தாய் நிறுவனமான டிகேஓவின் இயக்குநர் சபையில் ஜோன்சன் சேர்ந்தார். கோடிக்கணக்கான டொலர் பெறுமதியான பங்குகளும், 'த றொக்' என்ற பெயரின் உரிமையும் அவர் கைக்கு வந்தன. அதே நாளில்தான், திங்கட்கிழமை நிகழ்ச்சி 10 வருசத்துக்கு 500 கோடி டொலருக்கும் மேலான விலைக்கு நெட்ஃபிளிக்ஸுக்குப் போகிறது என்ற அறிவிப்பும் வந்தது.

சேர்த்துப் பாருங்கோ. நடிகனாக நிற்கும்போது, ஸ்ட்ரீமிங் கொம்பனிகளுக்கு எதிராக நிற்கிற தொழிலாளர்களுக்குக் கைகொடுக்கிறார். இயக்குநராக உட்காரும்போது, அதே ஸ்ட்ரீமிங் கொம்பனிக்கு, சங்கமே இல்லாத தொழிலாளர்களின் உடம்பை விற்கிற மேசையில் உட்காருகிறார். தன் அப்பாவும் தாத்தாவும் பார்த்த அதே தொழிலைப் பார்க்கிறவர்களின் உடம்பை. தன் பெயர் தனக்கே சொந்தமாக இருக்கவேண்டும் என்று அவர் வாங்கிக்கொண்டார். மற்ற ரெஸ்லர்களின் பெயர்?

அவர் கெட்டவர் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. நல்லவர், கெட்டவர் என்பது இதில் பெரிய விசயமில்லை. தனி ஒருவர் ஏணியில் ஏறித் தப்புவதைத் தீர்வு என்று நம்பினால், ஏறி முடித்தவர் எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும் கடைசியில் ஏணியை வைத்திருக்கிறவர்களோடுதான் உட்காருவார். ஹோகன் காட்டிக்கொடுத்து உட்கார்ந்தார். ஜோன்சன் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கீழே நிற்கிறவனுக்கு வித்தியாசம் என்ன?

"கோடீஸ்வரர்களுக்காக நாங்கள் ஏன் அழவேணும்?" என்று சில தோழர்கள் கேட்பார்கள். அழச் சொல்லவில்லை. மேலே நாலைந்து பேர் கோடீஸ்வரர்கள். கீழே சின்ன மண்டபங்களில், ஒரு இரவுச் சம்பளத்துக்காக முழங்காலை உடைக்கிறவர்கள் எத்தனையோ பேர். மேலே உள்ள நாலைந்து பேரைக் காட்டித்தான் கீழே உள்ளவர்களின் வாயை மூடுகிறார்கள். பிறந்தநாள் வீட்டில் அந்த வீடியோ செய்த வேலையும் அதுதான்.

எங்கட வாசலுக்கு வந்தால்

'சுயாதீன ஒப்பந்தக்காரர்' என்ற சொல் எங்கட வீடுகளுக்குப் புதிசில்லை. ஊபர் ஓட்டுகிற அண்ணை, சாப்பாடு கொண்டுபோகிற மருமகன், இரவில் அலுவலகம் துப்பரவு செய்யிற அக்கா, கட்டட வேலைக்குப் போகிற சித்தப்பா. நேரத்தைக் கொம்பனி சொல்லும், விலையைக் கொம்பனி சொல்லும், கணக்கை நிறுத்துவதும் கொம்பனி. நட்டம் வந்தால் மட்டும் 'நீங்கதான் சார் முதலாளி'. எங்கட தமிழ் முதலாளிமாரும் இந்தச் சொல்லை நல்லாவே படிச்சு வைச்சிருக்கினம் என்பதையும் வெட்கப்படாமல் சொல்லவேண்டும்.

இது மாற்ற ஏலாத விதி இல்லை. 2020இல் ஒன்ராறியோ தொழில் உறவுச் சபை, ஃபுடோரா விநியோகத் தொழிலாளர்கள் கொம்பனியில் தங்கி நிற்கிறவர்கள், அவர்களுக்குச் சங்கம் அமைக்கும் உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. கொம்பனி கனடாவை விட்டே ஓடியது. பிறகு வாக்குகளை எண்ணியபோது பத்தில் ஒன்பது பேர் அளவில் சங்கத்துக்கு ஆதரவு. 2021இல் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் ஊபர் சாரதிகள் தொழிலாளர்கள்தான் என்றது. இங்கே 2025 யூலையில் நடைமுறைக்கு வந்த ஒன்ராறியோச் சட்டமோ, கையில் ஓடர் இருக்கிற நேரத்துக்கு மட்டும் குறைந்தபட்சச் சம்பளம் தருகிறது. ஓடருக்காகக் காருக்குள் குளிரில் காத்திருக்கிற நேரம் கணக்கில் இல்லை. வென்ற இடமும் இருக்கிறது, ஏமாற்றின இடமும் இருக்கிறது. இரண்டையும் தெரிந்து வைத்திருப்பம்.

'தே லிவ்' படத்தில் ஒரு சந்துக்குள் ஐந்து நிமிடத்துக்கும் மேலாக ஒரு அடிதடி வரும். வில்லனோடு இல்லை, சினேகிதனோடு. அந்தக் கண்ணாடியை ஒருக்காப் போட்டுப் பார் என்றுதான் அவ்வளவு சண்டையும். பிறந்தநாள் வீட்டில் அந்தச் சண்டையைப் பிடிக்காமல் நான் எழும்பி வந்தது பிழை. அந்தப் பெரியவர் எதிரி இல்லை. பத்து டொலரோடு பியர்சன் விமான நிலையத்தில் வந்திறங்கினவர், அவருக்கும் வேலை எடுத்துத் தந்தது ஒரு ஊர்க்காரர், படுக்க இடம் தந்தது இன்னொருத்தர், முதல் குளிருக்கு ஜக்கெற் தந்தது மூன்றாமவர். தனிய வந்ததாக இப்ப சொல்லுறார். தனிய யாரும் வரேல்லை.

மருமகனிடம் அடுத்த நாள் போன் எடுத்து மன்னிப்புக் கேட்டன். இப்ப அவனும் இன்னும் நாலு பெடியளும் ஒரு கொப்பியில எழுதத் துவங்கியிருக்கினம்: எத்தனை மணித்தியாலம் ஓடினது, எத்தனை மணித்தியாலம் காத்திருந்தது, பெற்றோல் எவ்வளவு, கைக்கு வந்தது எவ்வளவு. சங்கம் அங்கிருந்துதான் துவங்கும். உங்கட வீட்டிலயும் அப்பிடி வேலை செய்யிற ஒருத்தர் இருப்பார். இந்த மடலை அவருக்கு அனுப்புங்கோ. கணக்கை எழுதச் சொல்லுங்கோ. எழுதினதை, பெயர் போடாமலே, எங்களுக்குப் பதில் மடலில் அனுப்பச் சொல்லுங்கோ. போதுமான அளவு சேர்ந்ததும் கூடிக் கதைப்பம்.

தோழமையுடன்.